பெயர் பல, பெட்டகம் ஒன்று

(கமக்காரரும் ஆசிரியர்களும் அரசாங்க உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் உங்களுட் சிலர் புருவத்தை நெரித்தீர்கள். அதனை நான் மேடையிலிருந்தே கண்டேன். அமெரிக்காவிலே திராட்சை மது விற்கும் கம்பனிகளைப் பற்றி யாழ்ப்பாணத்துக் கமக்காரருக்கு என்ன பேச்சு என்று நீங்கள் நினைப்பது நியாயமே. நான் மதுவை வாயில் வைத்தறியாதவன். மதுவுக்காகப் பரிந்து பேசவும் நான் இங்கு வரவில்லை. ஒரு கமக்காரர் என்னிடம் கேட்ட கேள்விக்கு விடை தேடிப் போன இடத்திலேதான் இந்தக் கதை எனக்கு அகப்பட்டது. ஆகவே அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு கமக்காரரின் கேள்வி

நான் சட்டத்தொழிலிற் புகுந்த புதிதில், முதியவர் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். பத்து அந்தர் வெங்காயத்தை லொறியில் ஏற்றிக்கொண்டு மொத்த வியாபாரிகளிடம் சென்றிருக்கிறார். முதலாவது கடையில் ஒரு விலை சொன்னார்கள். அது கட்டாது என்று இரண்டாவது கடைக்குப் போனார். அங்கும் அதே விலை. மூன்றாவது கடையிலோ அதனினும் ஒரு ரூபா குறைவு. சலித்துப்போய் இரண்டாவது கடைக்கே திரும்பி, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஏதோ சூது நடந்திருக்கிறது, வழக்கு வைக்கவேண்டும் என்பது அவர் கோரிக்கை.

வியாபாரப் பெயர்ப் பதிவேட்டைப் பார்த்தேன். மூன்று கடைகளுக்கும் மூன்று பெயர்ப்பலகைகள், உரிமையாளரோ ஒருவர். சட்டப்படி அதிற் குற்றமொன்றுமில்லை. வழக்குக்கு இடமில்லை என்று முதியவரிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, “அப்ப நான் மூண்டு பேரிட்டைப் போகேல்லைத் தம்பி, ஒரு ஆளிட்டைத்தான் மூண்டு தரம் போயிருக்கிறன்” என்றார்.

நான் படித்த சட்டப் புத்தகங்கள் எவையும் இத்துணைத் தெளிவாக இவ்விஷயத்தை எனக்குச் சொன்னதில்லை. அன்பர்களே, அவர் மூன்று கடையில் அனுபவித்ததை ஒரு பெருந்தேசம் முழுவதும் எப்படி அனுபவிக்கிறது என்பதற்குத்தான் கலிபோர்னியாவின் கதையைச் சொல்லப்போகிறேன்.

மொடெஸ்டோவின் சகோதரர்கள்

ஐக்கிய அமெரிக்காவில் 1920ஆம் ஆண்டு தொடங்கிய மதுவிலக்கு 1933 டிசம்பரில் நீங்கியது. அதே ஆண்டிற் கலிபோர்னியா மாநிலத்தின் மொடெஸ்டோ என்னும் ஊரிலே எர்னஸ்ட் கலோ, ஜூலியோ கலோ என்னும் சகோதரர் இருவர், 5,900 டொலர் முதலுடன் திராட்சை மதுத் தொழிலை ஆரம்பித்தனர். திராட்சைச் செய்கை குடும்பத் தொழில். மது வடிக்கும் நுட்பத்தையோ அவர்கள் ஊர் நூலகத்திற் கிடைத்த பழைய துண்டுப் பிரசுரங்களைப் படித்தே கற்றனர். உழைப்பால் உயர்ந்தவர்கள், அதை மறைப்பதற்கில்லை. 1958இல் போத்தல் செய்யும் தொழிற்சாலையையும் சொந்தமாகவே நிறுவினர். இன்று அவர்களுடைய கம்பனி அமெரிக்காவின் மிகப் பெரிய திராட்சை மதுக் கம்பனி. பங்குச் சந்தைக்குப் போகாத குடும்பக் கம்பனியாதலின், தன் கணக்கைப் பொதுமக்கள் முன் வைக்கும் கடப்பாடும் அதற்கில்லை.

அமெரிக்க நகரமொன்றின் கடைக்குட் சென்றால் சுவர் நீளத்துக்குப் போத்தல்கள். ஒன்றில் வெறுங்காலின் சுவடு. அதன் பெயர் ‘பேர்புட்’. ஒன்றின் பெயர் ‘அபொதிக்’. ஒன்று ‘கார்லோ ரொஸி’. இன்னொன்று ‘பிளாக் பொக்ஸ்’. பிறிதொன்று ‘லூயிஸ் மார்டினி’. இது ஒரு குடும்பத்தின் சிறு தோட்டம், அது இளைஞர் தொடங்கிய முயற்சி, மற்றது நூறாண்டுப் பழமை என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதை சொல்லும். வாங்க வந்தவர் ஒன்றை எடுப்பார், வைப்பார், மற்றொன்றை எடுப்பார். தாம் தெரிவு செய்கிறோம் என்று மகிழ்வார். நான் சொன்ன ஐந்து பெயர்களும் கலோ கம்பனியின் உடைமை. இவ்வாறு நூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள் அக்கம்பனியிடம் உள்ளன.

திண்ணையில் இரு கமக்காரர்

கமக்காரச் சகோதரர்கள் இதனைக் கவனமாகக் கேட்கவேண்டும். 1984இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் தோன்றியது. வீட்டுத் திண்ணையிலே வயோதிபர் இருவர் அமர்ந்திருப்பர். ஒருவர் பேசுவார், மற்றவர் வாய் திறவார். பிராங்க் பார்ட்டில்ஸ், எட் ஜேம்ஸ் என்பன அவர்கள் பெயர்களாம். நாங்கள் இருவரும் சேர்ந்து பழச்சாறு கலந்த திராட்சை மது செய்கிறோம், இதற்காக எட் தமது வீட்டை இரண்டாம் முறையும் ஈடு வைத்திருக்கிறார், உங்கள் ஆதரவுக்கு நன்றி என்று பேசுபவர் பணிவோடு சொல்வார்.

ஈடு வைத்த கமக்காரனின் துயரம் எந்த நாட்டு மக்களின் நெஞ்சையும் தொடும். ‘பார்ட்டில்ஸ் அன்ட் ஜேம்ஸ்’ சில ஆண்டுகளுள் அவ்வகைப் பானங்களின் முன்னணிக்கு வந்தது. உண்மை யாது? பார்ட்டில்ஸும் இல்லை, ஜேம்ஸும் இல்லை, ஈடும் இல்லை. இருவரும் விளம்பரத்துக்காக அமர்த்தப்பட்டவர்கள். பானமோ கலோ கம்பனியினுடையது. நாட்டின் மிகப் பெரிய கம்பனி, கடன்பட்ட கமக்காரனின் சட்டையைக் கடன் வாங்கி அணிந்துகொண்டு மக்கள் முன் நின்றது. விளம்பரம் வேடிக்கையானதுதான், கண்டவர்கள் சிரித்து மகிழ்ந்தார்கள். ஆனால் உண்மையாகவே வீட்டை ஈடு வைத்துச் சிறு அளவில் மது வடித்த கமக்காரன் அதே கடையில் தன் போத்தலை எங்கே வைப்பான்? அவனிடம் இருந்த ஒரேயொரு முதல் அவனுடைய கதை. அதையும் அல்லவா எடுத்துக்கொண்டார்கள்!

சட்டம் சொல்வதும் விடுவதும்

இதற்குச் சட்டம் இடங்கொடுக்கிறதா என்று சட்டத்தரணிகள் கேட்பீர்கள். கொடுக்கிறது. போத்தலில் அடைத்தவரின் பெயரும் ஊரும் ஒட்டுத்தாளில் இருக்கவேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஆனால் கம்பனியின் உண்மைப் பெயருக்குப் பதிலாகப் பதிவு செய்த வியாபாரப் பெயரை இட்டாலும் போதும். ஆகவே பேர்புட் போத்தலில் ‘பேர்புட் செலர்ஸ், மொடெஸ்டோ’ என்று வரும். ‘செலர்ஸ்’ என்றால் மதுக் கிடங்கு. இன்னொரு போத்தலில் இன்னொரு கிடங்கின் பெயர், அதே மொடெஸ்டோ. பொய் என்று ஓர் எழுத்தையும் காட்ட முடியாது. முழு உண்மையையும் காண முடியாது. 

1996இல் ஒரு வழக்கு எழுந்தது. கலோ கம்பனி ‘டேர்னிங் லீப்’ என்ற பெயரில், நிறம் மாறிய திராட்சை இலைப் படத்துடன் ஒரு மதுவை வெளியிட்டது. போத்தலில் கலோ என்ற பெயர் இல்லை. தன் போத்தலின் இலைச் சின்னத்தைப் போலச் செய்துவிட்டார்கள் என்று கெண்டல் ஜக்சன் என்னும் கம்பனி வழக்குத் தொடுத்தது. 1997இல் யூரிமார் கலோவின் பக்கமே தீர்ப்பளித்தனர். 1998இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. திராட்சை இலை திராட்சை மதுவுக்குப் பொதுவான சின்னம். அதனை ஒருவர் தமக்கே உரியதென்று வேலியடைக்க முடியாது என்பது நீதிமன்றத்தின் கருத்து. சட்டப்படி அது நேரிய தீர்ப்பே. ஆனால் நீதிமன்றத்தின் முன் நின்றவர்கள் இரு கம்பனிகள். யாருடைய பொருள் என்று அறியாது பணங்கொடுத்த மக்கள் அங்கே வழக்காளியாக நிற்கவில்லை.

தம்பிக்கு மறுத்த பெயர்

இனி இதன் மறுபக்கத்தைப் பாருங்கள். கலோ சகோதரருக்கு ஜோசப் என்றொரு தம்பி இருந்தார். மாடு வளர்த்து, பாற்கட்டி செய்து, ‘ஜோசப் கலோ’ என்ற தம் சொந்தப் பெயரில் விற்றார். 1986இல் தமையன்மாரின் கம்பனி தம்பிக்கு எதிராக நீதிமன்றம் சென்றது. கலோ என்பது எங்கள் வியாபாரச் சின்னம், பாற்கட்டிப் பொதியிலே அதனை இடலாகாது என்றது. தந்தையின் தொழிலிலிருந்து வளர்ந்த மதுக் கம்பனியில் மூன்றிலொரு பங்கு தமக்கும் உண்டென்று தம்பி எதிர்வழக்கிட்டார். பங்கும் கிடைக்கவில்லை, பாற்கட்டிக்குப் பெயரும் நிலைக்கவில்லை. 1992இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் தடையை உறுதி செய்தது. ‘ஜோசப் பாம்ஸ்’ என்று தம் முதற்பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அவர் வியாபாரத்தைத் தொடர்ந்தார்.

காணி வழக்குகளிலே அண்ணன் தம்பி எல்லைக்கல்லுக்கு அடிபடுவதைக் கண்டவர்கள் நாம். ஆகவே இது நமக்குப் புதுமையன்று. நான் சுட்டிக்காட்ட விரும்புவது வேறு. தன் பெயரைக் காக்கக் கூடப்பிறந்தவன்மீதே வழக்கிட்ட அதே கம்பனி, தன் போத்தல்கள் பலவற்றில் அப்பெயரை எழுதாது விட்டது. பெயர் பயன் தரும் இடத்தில் அது சொத்து. பெயர் இடையூறாகும் இடத்தில் அது இரகசியம். இரண்டுக்கும் சட்டம் துணை நிற்கிறது. 

முகவரியே ஆயுதம்

பெயர் எப்போது இடையூறாகும்? அதற்கும் விடை அங்கேயே உண்டு. கலோ தோட்டங்களில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் மெக்சிக்கோ வழிவந்த ஏழைத் தொழிலாளர். சீசர் சாவேஸ் தலைமை தாங்கிய ஐக்கிய பண்ணைத் தொழிலாளர் சங்கத்துடன் 1967 முதல் கம்பனிக்கு ஒப்பந்தம் இருந்தது. 1973இல் அது முடிவுற்றதும் கம்பனி வேறொரு சங்கத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. எங்கள் தொழிலாளர்க்கு ஒரு சங்கம் இருக்கிறதே என்றது கம்பனி. அச்சங்கத்தை நாங்கள் தெரிந்தெடுக்கவில்லை என்றனர் தொழிலாளர். வேலைநிறுத்தம் நடந்தது, பின்பு பகிஷ்காரம் அறிவிக்கப்பட்டது.

ஏழைக்குக் கிடைத்த அறப்போர் ஆயுதம் பகிஷ்காரம். வாங்கமாட்டேன் என்று சொல்ல வாளும் வேண்டாம், வாக்குச்சீட்டும் வேண்டாம். ஆனால் எதை வாங்காதிருப்பது? கலோ என்று எழுதிய போத்தலை ஒதுக்கிவிட்டு, ‘பூன்ஸ் பாம்’ என்ற போத்தலையோ ‘தண்டர்பேர்ட்’ என்ற போத்தலையோ எடுத்துச் சென்றால் பணம் அதே பெட்டகத்துக்குத்தான் போகும். நல்லெண்ணம் கொண்ட மனிதன் தன் கையாலேயே தன் விரதத்தைக் கெடுத்துக்கொள்வான். கெடுத்தது அவனுக்கே தெரியாது.

தொழிலாளர் சங்கம் என்ன செய்தது தெரியுமா? பெயரைப் பார்க்காதீர்கள், ஊரைப் பாருங்கள் என்று மக்களுக்குச் சொன்னது. மொடெஸ்டோவைத் தலைமையிடமாகக் கொண்ட மதுக் கம்பனி ஒன்றே. ஆகவே ஒட்டுத்தாளின் அடியில் பொடி எழுத்தில் மொடெஸ்டோ என்றிருந்தால், மேலே எந்தப் பெயர் இருந்தாலும் அது கலோ. சட்டம் கட்டாயப்படுத்திய அந்த ஒரு சொல் மறைப்பையெல்லாம் கிழித்தது. 1975ஆம் ஆண்டு தொடக்கத்திற் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து மொடெஸ்டோவுக்கு 110 மைல் தூரம் கால்நடையாகச் சென்றார்கள். ஊரை அடைந்தபோது கூட்டம் பல்லாயிரமாகப் பெருகியிருந்தது. அதே ஆண்டிற் கலிபோர்னியா சட்டசபை, பண்ணைத் தொழிலாளர் தம் சங்கத்தை இரகசிய வாக்கால் தெரிந்தெடுக்கும் உரிமையைச் சட்டமாக்கியது. 1978இல் பகிஷ்காரம் நிறுத்தப்பட்டது.

அச்சட்டம் ஒரு கம்பனிக்கு எதிரான பகிஷ்காரத்தால் மட்டும் வந்ததன்று. பல ஆண்டுப் போராட்டத்தின் பயன் அது. ஆனால் ஒட்டுத்தாளில் ஊர்ப்பெயரும் இல்லாதிருந்தால் அந்தப் பகிஷ்காரம் இருட்டறையிற் கம்பு சுழற்றிய கதையாகவே முடிந்திருக்கும். இன்றோ அந்தக் கம்பனிக்கு நாபா, சொனோமா முதலிய பகுதிகளிலும் மதுச்சாலைகள் உண்டு. அவ்வூர்களின் பெயர் தாங்கிய போத்தல்களும் உண்டு. அன்று உதவிய அடையாளம் இன்று பாதிக்குத்தான் உதவும்.

வாங்கிச் சேர்த்த பெயர்கள்

அன்றைய பெயர்கள் பலவும் கம்பனி தானே உண்டாக்கியவை. பின்வந்த காலத்திலே பிறர் உண்டாக்கிய பெயர்களையும் விலைக்கு வாங்கும் வழக்கம் பெருகியது. லூயிஸ் மார்டினி என்ற குடும்பச் சாலை 2002இல் கைமாறியது. தம்பதியர் வளர்த்தெடுத்த பேர்புட் 2005இல் கைமாறியது. தொடங்கியவர்கள் போய்விட்டார்கள், அவர்களுடைய கதை மட்டும் ஒட்டுத்தாளிலே தங்கிவிட்டது.

2019 ஏப்ரலில் கொன்ஸ்டலேஷன் என்னும் மற்றொரு பெருங்கம்பனி, ஏறக்குறைய 30 பெயர்களை 170 கோடி டொலருக்குக் கலோவுக்கு விற்க உடன்பட்டது. அப்போதுதான் சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு குறுக்கிட்டது. மலிவு விலைப் பொங்கு மதுவிலும் பிராந்தியிலும் வேறு சிலவற்றிலும் போட்டியே அற்றுப்போகும் என்பது அதன் கவலை. ‘குக்ஸ்’, ‘ஜே. ரொஜே’ என்ற பொங்கு மதுப் பெயர்கள் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டன. ஒரு பிராந்திப் பெயர் வேறொருவருக்குப் போயிற்று. கலோவும் தன் பெயர்கள் சிலவற்றைப் பிறருக்கு விற்கவேண்டியதாயிற்று. 2021 ஜனவரியில் ஒப்பந்தம் நிறைவேறியபோது தொகை சுமார் 81 கோடி டொலர்.

ஆணைக்குழு தன் கடமையைச் செய்தது, பாராட்டுவோம். ஆனால் கதை முடியவில்லை. அன்று விலக்கிவைத்த அதே குக்ஸும் ஜே. ரொஜேயும், வேறு பல பெயர்களும் 2025இல் ‘வைன் குரூப்’ என்ற மூன்றாவது பெருங்கம்பனிக்குச் சென்றன. ஒரு பெட்டகத்துக்குட் போகாது தடுத்தது இன்னொரு பெட்டகத்துக்குட் போயிற்று. கடையின் தட்டிலோ எந்த மாற்றமும் இல்லை. அதே போத்தல், அதே படம், அதே பெயர்.

எதிர்வாதமும் கேட்போம்

எதிர்த் தரப்பைக் கேளாது தீர்ப்பளிப்பது என் தொழிலுக்குத் துரோகம். பெருங்கம்பனியாற் குறைந்த விலையிற் சீரான பொருளைக் கொடுக்க முடிகிறது. 1967இல் கலோ கம்பனி, நல்ல இனத் திராட்சையை நட முன்வந்த கமக்காரருக்கு 15 ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது. கொடி நட்டுச் சில ஆண்டு காத்திருக்கவேண்டிய கமக்காரனுக்கு அத்தகைய உறுதி பெரிய காரியம். பெயர்கள் பல இருப்பதும் குற்றமன்று. சுவைகள் பல, வாங்குவோர் பலர்.

மேலும், ஒட்டுத்தாள் பெருங்கம்பனியையும் ஏமாற்றும். ‘ரெட் பைசிக்ளெட்’ என்ற பெயரிற் கலோ விற்ற பிரெஞ்சு மதுவுக்கு, ‘பினோ நுவார்’ என்ற உயர்ந்த திராட்சையின் மது என்று சொல்லித் தென் பிரான்சு வியாபாரிகள் மலிவான வேறு மதுவை அனுப்பினார்கள். ஒரு கோடியே எண்பது இலட்சம் போத்தலுக்குப் போதிய அளவு! 2010இல் கார்க்கசோன் நீதிமன்றம் 12 பேரைக் குற்றவாளிகளாகக் கண்டது. அந்தப் பகுதியில் விளைந்த அத்திராட்சையிலும் விற்றதே அதிகம் என்று கணக்குப் பார்த்தபோதுதான் சூது வெளிப்பட்டது. அதில் ஏமாற்றப்பட்டது கலோ கம்பனி. இத்துணைப் பெரிய கம்பனியே தாளை நம்பி ஏமாந்ததாயின், கடையில் ஒரு நிமிடம் நின்று போத்தலைத் தூக்கிப் பார்க்கும் ஏழை எம்மாத்திரம்? தாளை நம்பாது கணக்கைப் பார்த்தவர்களே உண்மையைக் கண்டார்கள் என்பதை மனத்திற் கொள்ளுங்கள்.

கமக்காரர் எண்ணவேண்டியது

வாங்குவோனைப் பற்றியே இதுவரை பேசினேன். விளைவிப்போனின் நிலையைச் சொல்லி முடிக்கிறேன். கடைத்தட்டில் நூறு பெயர்களைக் காணும் கலிபோர்னியாக் கமக்காரன், தன் திராட்சைக்கும் நூறு கொள்வனவாளர் உண்டென்று எண்ணினால் மோசம் போவான். நூறு பெயர்களுக்கும் திராட்சை வாங்கும் மேசை ஒன்றாயிருக்கலாம். 2024இல் அம்மாநிலத்திற் பெருந்தொகைத் திராட்சை வாங்குவாரின்றிக் கொடியிலேயே விடப்பட்டது. ஆயிரக்கணக்கான ஏக்கர்க் கொடிகள் வேரோடு பிடுங்கப்பட்டன. மக்கள் குடிப்பது குறைந்ததும், அயல்நாட்டு மலிவு மது பீப்பாய்க் கணக்கில் இறங்கியதும் முதற் காரணங்கள். பழியனைத்தையும் கம்பனிகளின் தலையிற் சுமத்துவது நேர்மையன்று. ஆனால் காலம் கெடும்போதுதான் கமக்காரனுக்கு இன்னொரு வாசல் வேண்டும். வாங்குவோர் சிலரேயாயின், ஒரு வாசல் மூடியதும் தட்டுவதற்கு மறுவாசல் இராது. என்னிடம் வந்த முதியவர் மூன்று வாசல் தட்டினார், திறந்தவர் ஒருவரே.

நம் நாட்டுச் சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வியாபாரப் பெயருக்குப் பின்னால் நிற்கும் ஆளின் பெயரைப் பதிவு செய்யவேண்டும் என்ற கட்டளைச் சட்டம் 1918ஆம் ஆண்டிலேயே இலங்கையில் வந்தது. கம்பனிகள் ஒன்றையொன்று விழுங்குவதை ஆராயும் அதிகாரமும் 1987ஆம் ஆண்டின் நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டத்தில் இருந்தது. அச்சட்டத்தை நீக்கி வந்த 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில் அந்த அதிகாரம் இடம்பெறவில்லை. இருந்த வேலியைப் பிடுங்கிய பின்பு மறுபடி நடாமலே விட்டார்கள். இது எந்த ஓர் இனத்தின் குறையுமன்று. தெற்கே நெல் விளைவிப்பவனுக்கும் வடக்கே வெங்காயம் விளைவிப்பவனுக்கும் ஒரே நட்டம்.

ஆகவே நான் கேட்பவை மூன்று. பொருளின்மேல் வியாபாரப் பெயர் எதுவாயினும், அதன் கீழே உண்மையான உடைமையாளரின் பெயரும் வாசிக்கத்தக்க எழுத்தில் இருக்கவேண்டும் என்று சட்டம் வரவேண்டும். பெருங்கம்பனிகள் ஒன்றுசேரும் முன், பெயர்களை எண்ணாது பெட்டகங்களை எண்ணிப் பார்க்கும் அதிகாரம் மீண்டும் வரவேண்டும். இவ்விரண்டையும் சட்டசபைக்குட் கொண்டுபோவது படித்தவர்களின் பொறுப்பு. மூன்றாவது, கமக்காரராகிய உங்கள் பொறுப்பு. விலை பேசுமுன் பலகையை வாசிப்பதோடு நில்லாதீர்கள். கடை யாருடையது என்று கேளுங்கள். தனியே கேட்டால் விடை கிடையாது. சங்கமாகச் சேர்ந்து கேளுங்கள். பதிவேடு பூட்டிய பேழையன்று. பார்க்கப் போவார்தாம் இல்லை. பார்த்துச் சொல்லச் சட்டத்தரணிகள் இருக்கிறோம்; அதற்குக் கட்டணம் கேட்கமாட்டோம் என்று என் தோழர்கள் சார்பிலும் இம்மேடையில் வாக்குக் கொடுக்கிறேன்.

அன்று அந்த முதியவரை வழக்கில்லை என்று திருப்பி அனுப்பினேன். வாசல்வரை சென்றவர் திரும்பி நின்று, “இதை முதலிலேயே ஆராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்” என்றார். அந்தக் குறை என்மீதும் உண்டு. இன்று உங்களுக்குச் சொல்லிவிட்டேன். நீங்கள் உங்கள் அயலவருக்குச் சொல்லுங்கள்.